ஜன்னலோரக் கேள்வியும் கோட்டூர்புரத்துக் குவிமாடமும்

நம்முடைய குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து பிரயாணம் செய்வதற்குரிய காரணங்களை எண்ணிப் பார்த்தால், கல்யாணம், காதுகுத்து, குலதெய்வ வழிபாடு, துக்கம் விசாரித்தல், பண்டிகைக்கு ஜவுளி எடுத்தல் என்று அவை பெரும்பாலும் கடமையைச் சார்ந்தவையாகவே இருக்கின்றன. ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆசையையே நிமித்தமாகக் கொண்டு, தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரையில் ஒரு குடும்பம் காலையில் புறப்பட்டுச் சென்று மாலையில் திரும்பி வருவது நம்மிடையே இன்னும் அபூர்வமாகவே இருந்து வருகிறது. விஞ்ஞானப் பொருட்காட்சிசாலை என்றால் அது பள்ளிக்கூடம் அழைத்துச் செல்ல வேண்டிய இடம் என்று பெற்றோர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடமும் அழைத்துத்தான் செல்கிறது. ஆனால் பேருந்து நிறையப் பிள்ளைகளையும் அவர்களுக்குக் காவலாக ஆசிரியர் சிலரையும் வைத்துக்கொண்டு செல்லுகிற அந்தச் சுற்றுலாவில், ஒரு குழந்தை ஒரு பொத்தானை அழுத்தி, விளைவைக் கண்டு வியந்து, அது ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்க வாயெடுப்பதற்குள் பின்னால் நிற்கும் குழந்தையின் முறை வந்துவிடுகிறது. இதில் ஆசிரியர்களைக் குறை சொல்ல இடமில்லை. எண்ணிக்கை தவறாமல் பிள்ளைகளை வீடு சேர்ப்பதே அவர்களுக்குப் பெரிய பொறுப்பு. கேள்விக்கு வேண்டிய அவகாசத்தைத் தரக்கூடியவர்கள் வீட்டார்தாம்.

ஆகையால், செங்கற்பட்டு மார்க்கத்தில் வசிக்கும் ஒரு குடும்பம் ஒரு விடுமுறை நாளில் மின்சார ரயில் ஏறிச் சென்னை கோட்டூர்புரத்திலுள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்குப் போய்வருவது எப்படி என்று இங்கே கொஞ்சம் விரிவாக யோசிப்போம். காந்தி மண்டபம் சாலையில் இருக்கும் அந்த வளாகத்திலேதான் 1988-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பி. எம். பிர்லா கோளரங்கமும் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை: திருச்சியில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கமும், திருநெல்வேலியில் மாவட்ட அறிவியல் மையமும் இருக்கின்றன, சேலம், ஜோலார்பேட்டைப் பக்கத்தார் கொஞ்சம் முன்கூட்டியே எழுந்தால், 1962-இல் ஜவாஹர்லால் நேரு திறந்துவைத்த விசுவேசுவரய்யா பொருட்காட்சிசாலையைப் பெங்களூரில் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம். ஊர் எதுவாயினும், இனிச் சொல்லப்போகும் யோசனை பொருந்தும்.

அந்த யோசனை இதுதான்: என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு ஜாபிதா எழுதிக்கொண்டு புறப்படாதீர்கள், ஒரே ஒரு கேள்வியோடு புறப்படுங்கள். அந்தக் கேள்வியைப் பெரியவர்கள் முன்னதாகத் தயாரித்துக் குழந்தையின் மேல் சுமத்தவும் வேண்டாம். ஜன்னலோரத்தில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டால், தாம்பரம் வருவதற்குள் அது தானாகவே பிறந்துவிடும். ரயிலில்தான் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கும் அதுவே காரணம். காரில் போனால் ஓட்டுகிறவரின் கண்ணும் கருத்தும் சாலையில் இருக்கும். மற்றவர்கள் முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரயிலிலோ எல்லோருடைய கைகளும் ஓய்ந்திருக்கின்றன; ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார முடிகிறது; ஒரே ஜன்னலின் வழியாக மூன்று தலைமுறையும் ஒரே காட்சியைக் காண முடிகிறது. மேலும், நாம் காணப்போகும் பொருட்காட்சிசாலையின் முதல் பொருள் அந்த ரயில் வண்டியேதான்.

அதைப் பற்றிக் குழந்தைக்குச் சொல்லக்கூடிய விஷயங்களுக்குக் குறைவில்லை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் பாதையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931-இல். இன்று அகலப் பாதையில் ஓடும் வண்டிக்கு மேலேயுள்ள கம்பியில் 25,000 வோல்ட் மின்னழுத்தம் இருக்கிறது. தண்டவாளத்தின் மேல் உருளும் சக்கரம் நேரான உருளையன்று, உட்புறம் பருத்து வெளிப்புறம் சற்றே சரிந்த கூம்பு வடிவுடையது. ஓர் அச்சின் இரு முனைகளிலும் அசையாமல் பொருத்தப்பட்ட இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழன்றாலும், வளைவில் வண்டி சற்று வெளிப்புறம் ஒதுங்குவதனால் வெளிச் சக்கரம் பருத்த பகுதியிலும் உட்சக்கரம் சிறுத்த பகுதியிலும் உருண்டு, நீண்ட பாதையையும் குறுகிய பாதையையும் ஒரே நேரத்தில் கடந்துவிடுகின்றன. இவ்வளவு எளிய உபாயத்தால் இவ்வளவு பெரிய பாரம் திருப்பப்படுகிறது என்பதைக் கேட்டு, இத்தனை வருஷம் ரயிலில் வேலைக்குப் போய்வந்த தகப்பனாரும் ஆச்சரியப்படக்கூடும்.

ஆயினும் குழந்தை இவற்றைக் கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேட்கும் என்பதே என் அனுபவம். "தாத்தா, பக்கத்துல இருக்கிற கம்பமெல்லாம் பின்னாடி ஓடுது, அந்த மலை மட்டும் ஏன் கூடவே வருது?" செங்கற்பட்டை விட்டுப் புறப்பட்டதும் கொளவாய் ஏரியின் எதிர்க் கரையைப் பார்த்தே இதைக் கேட்கலாம், அங்கே கேட்கத் தவறினாலும் பல்லாவரம், திரிசூலம் குன்றுகளைக் கண்டதும் கேட்டுவிடும். "அது அப்படித்தான்" என்று மாத்திரம் சொல்லிவிடாதீர்கள். கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்தி, வலக் கண்ணை மூடி இடக் கண்ணாலும், பிறகு இடக் கண்ணை மூடி வலக் கண்ணாலும் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் தாவுகிறது; பின்னாலுள்ள ஜன்னல் கம்பி அவ்வளவாகத் தாவுவதில்லை. விரலை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தால் தாவல் அதிகமாகிறது. தள்ளிப் பிடித்தால் குறைகிறது. பார்க்கிற இடம் மாறினால் பார்க்கப்படுகிற பொருளின் திசை மாறுகிறது. அந்த மாற்றம் அருகிலுள்ளவற்றுக்கு மிகுதியாகவும் தூரத்திலுள்ளவற்றுக்குச் சொற்பமாகவும் இருக்கிறது. அப்படியானால், மாற்றம் எவ்வளவு என்று அளந்துவிட்டால், தொடாமலும் போகாமலும் தூரத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா?

இந்தச் சிறு சோதனையைச் செய்து முடிக்கும்போது வண்டி பரங்கிமலை நிலையத்தில் வந்து நிற்குமானால், அதைக்காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை. ஏனெனில், இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்து முடித்த மகத்தான காரியம் அந்த மலையின் அடிவாரத்திலேதான் ஆரம்பமாயிற்று. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் என்னும் ராணுவ அதிகாரி, பரங்கிமலைப் பக்கத்துச் சமவெளியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று நோக்கி, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். சித்திரை வெயிலில் எஃகு நீளும். நீண்டால் அளவு பிழைபடும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழல் அமைத்து, உஷ்ணமானியைப் பார்த்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தி, ஒரு தரம் வைத்த சங்கிலியை எடுத்து மறுபடி மறுபடி வைத்து, அந்த ஒரே கோட்டை அளந்து முடிக்க அவருக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது. இன்று அந்தத் தூரத்தை நம்முடைய மின்சார வண்டி கால் மணிக்குச் சற்று அதிகமான நேரத்தில் கடந்துவிடும்.

அந்தக் கோட்டின் இரு முனைகளிலும் நின்று தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கி, கோணத்தை மாத்திரம் அளந்தால் போதும். குன்றின் தூரம் கணிதத்தால் கிடைத்துவிடுகிறது. கிடைத்த அந்தத் தூரத்தையே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகக் கொள்ளலாம். இப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் வடக்கே இமயமலை வரையில் போனார்கள். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கணக்கிடப்பட்டபோது, அந்தக் கணக்கிலே பெரும்பங்கு கொண்டவர் ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளத்துக் கணித மேதை. கோணம் அளப்பதற்கு லாம்டன் கொண்டுபோன தியோடலைட் என்னும் கருவி அரை டன் எடையுள்ளது. 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோவிலின் மேலே ஏற்றும்போது கயிறு தவறி அது மோதிச் சேதப்பட்டதையும், லாம்டன் தாமே நாட்கணக்கில் உட்கார்ந்து அதைச் செப்பனிட்டதையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். பெரிய கோவிலை அவர்கள் பார்த்திருந்தால் அந்தக் கதை ஆயுள் முழுதும் மறக்காது.

இனிப் பிரயாணத்தின் நடைமுறை. செங்கற்பட்டிலிருந்து கடற்கரை நிலையம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கிண்டியில் இறங்கிப் பேருந்திலோ ஆட்டோவிலோ போவது குறுக்கு வழி. முதியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அதுவே சிலாக்கியம். கால் வலி இல்லாதவர்கள் பூங்கா நிலையம் வரையில் போய், சாலையைக் கடந்து பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறிக் கோட்டூர்புரத்தில் இறங்கலாம். சுற்று வழிதான், ஆனால் வீட்டுக் கூரைகளின் உயரத்தில் சென்று, அடையாற்றை மேலிருந்து பார்த்துக்கொண்டே கடப்பது குழந்தைகளுக்கு வேறு எதற்கும் ஈடாகாது. போகும்போது ஒரு வழியும் வரும்போது மற்றொரு வழியும் வைத்துக்கொள்வது என்னுடைய சிபாரிசு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டியதில்லை. ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் அரை டிக்கெட். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறைவு. பராமரிப்பு வேலைக்காகச் சில மணி நேரம் நிறுத்திவைப்பதும் உண்டு. ஆகையால் முதல் நாள் செய்தித்தாளில் அந்த அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். கோளரங்கத்தில் தமிழ்க் காட்சி தனியாகவும் ஆங்கிலக் காட்சி தனியாகவும் நடக்கும். எது எத்தனை மணிக்கு, அன்று காட்சி உண்டா என்பதைத் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டு, தமிழ்க் காட்சியின் நேரத்தை நடுவாக வைத்து மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். பாட்டிக்கும் புரிய வேண்டும் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. சொந்த மொழியில் கேட்ட விஞ்ஞானத்தைக் குழந்தை வீட்டில் திருப்பிச் சொல்லும். மற்ற மொழியில் கேட்டதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

சாப்பாடு வீட்டிலிருந்தே போகட்டும். புளியோதரையும் தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் எந்தப் பிரயாணத்துக்கும் போதும். எங்கே சாப்பிடலாம் என்று நுழைவிடத்திலேயே கேட்டுக்கொண்டு, மரநிழலில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். பசியோடிருக்கும் குழந்தைக்கு எந்த விஞ்ஞானமும் ஏறாது.

உள்ளே போனதும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. வாங்கிய சீட்டுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்னும் சபலமே அது. அந்த வளாகத்தில் பல கூடங்களும் நூற்றுக்கணக்கான காட்சிப்பொருள்களும் வெட்டவெளியில் ஒரு விஞ்ஞானப் பூங்காவும் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே பகலில் பார்க்கிறவர் ஒன்றையும் பார்க்காதவரே. குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். ஒரே பொத்தானைப் பத்துத் தரம் அழுத்தினாலும் தடுக்காதீர்கள். தொட்டுப் பார்ப்பதற்கென்றே அமைந்த இத்தகைய சாலைகளுக்குப் பின்னால் பெரிய மனிதர் பலருடைய சிந்தனை இருக்கிறது. ஜெர்மனியில் ஆஸ்கர் ஃபான் மில்லர் என்னும் பொறியியல் நிபுணர் 1903-இல் தொடங்கி, மியூனிக் நகரத்து ஆற்றுத் தீவிலே 1925-இல் கட்டடம் திறந்த பொருட்காட்சிசாலையில், பார்க்க வருகிறவர்களே யந்திரங்களை இயக்கிப் பார்க்கும்படி செய்தார். 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் என்னும் பௌதிக ஆசிரியர், தாமே செய்து பார்க்கிற சோதனைகளால் ஆன ஒரு சாலையை நிறுவினார். நம் தேசத்தில் 1959-இல் கல்கத்தாவில் திறந்த பிர்லா பொருட்காட்சிசாலை அந்த மரபுக்கு வித்திட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துக் "தொடாதே" என்று எழுதிய காலத்தைத் தாண்டி, தொட்டால்தான் விளங்கும் என்னும் நிலைக்கு வந்துசேர உலகம் இவ்வளவு பாடுபட்டிருக்கும்போது, "தொடாதே, வா, நேரமாச்சு" என்று நாமே கையைப் பிடித்து இழுத்தால் அது நியாயமாகுமா?

விஞ்ஞானப் பூங்காக்களில் வழக்கமாகக் காணப்படும் சாதனங்களில் ஒன்றை மாத்திரம் இங்கே சொல்கிறேன். பெரிய குழிந்த வட்டில்கள் இரண்டு, தூரத்தில் எதிரெதிராக நிற்கும். ஒன்றின் குவியத்தில் வாயை வைத்து ஒருவர் ரகசியம் பேசினால், மற்றதன் குவியத்தில் காதை வைத்திருப்பவருக்கு அது பக்கத்தில் பேசுவதுபோல் தெளிவாகக் கேட்கும். இடையில் நடப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. ஒரு வட்டில் ஒலி அலைகளை இணையாக அனுப்புகிறது. மற்றது அவற்றைச் சேர்த்து ஒரே புள்ளியில் குவிக்கிறது. இந்த இடத்தில் தாத்தாவை ஒரு முனையிலும் பேத்தியை மறு முனையிலும் நிறுத்துங்கள். அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. காது சற்று மந்தமான தாத்தாவுக்கும் அவ்வளவு தூரத்திலிருந்து குழந்தையின் குரல் கேட்டுவிடும்போது அந்த இருவர் முகத்திலும் தோன்றும் களிப்பு, எந்தப் பாடப்புத்தகத்தின் படத்திலும் கிடையாது. ஏன் கேட்கிறது என்று குழந்தை கேட்டு, உங்களுக்கு விடை தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே சொல்லிவிடுங்கள். அருகிலுள்ள விளக்கப் பலகையைச் சேர்ந்து படியுங்கள். பெரியவர்களும் தெரியாததைப் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள் என்பதைக் கண்ணால் காண்பது ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் உயர்ந்த கல்விகளில் ஒன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

பிறகு கோளரங்கம். விளக்குகள் ஒவ்வொன்றாகத் தணிந்து, குவிமாடம் இரவாகி, நகரத்து வெளிச்சத்தில் நம் மொட்டை மாடிக்கு ஒருபோதும் வராத நட்சத்திரங்கள் அங்கே வந்து நிறையும்போது, காலையில் பிறந்த கேள்வியை மெல்லக் குழந்தையின் காதில் ஞாபகப்படுத்துங்கள். குவிமாடத்தில் எல்லா நட்சத்திரங்களும் நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றன. நிஜமான ஆகாசமும் கண்ணுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆகையினால்தான் பண்டைக் காலத்து அறிஞர்கள் பலர், நட்சத்திரங்கள் யாவும் ஒரே கோளத்தில் பதிந்திருப்பதாக எண்ணினார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த பிரத்தியட்சம் அதுதான். எது அருகில், எது தூரத்தில் என்று எப்படி அறிவது? விரலை இரண்டு கண்ணால் பார்த்தோம். மலையை ஓடும் ரயிலிலிருந்து பார்த்தோம். லாம்டன் 12 கிலோமீட்டர்க் கோட்டின் இரு முனைகளிலிருந்து பார்த்தார். நட்சத்திரத்துக்கு இந்த அடிக்கோடுகள் ஒன்றும் போதாது. ஆனால் பூமியே ஒரு வாகனம். சூரியனைச் சுற்றி வரும் அது, இன்று இருக்கும் இடத்திலிருந்து ஆறு மாதத்தில் 30 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுகிறது. அந்த இரண்டு முனைகளிலிருந்தும் பார்த்தால் அருகிலுள்ள நட்சத்திரம் சற்றே இடம் மாறித் தோன்ற வேண்டும்.

தோன்ற வேண்டும் என்பது தெரிந்த பிறகும், அந்த மாற்றத்தைக் காண மனிதர்களுக்கு நெடுங்காலம் முடியவில்லை. 1838-இல்தான் ஃபிரீட்ரிஷ் பெஸல் என்னும் ஜெர்மானிய வான சாஸ்திரி, அன்ன மண்டலத்திலுள்ள 61 என்னும் எண்ணுடைய மங்கலான நட்சத்திரத்தில் அதை அளந்து, முதன்முதலாகத் தம் முடிவை வெளியிட்டார். ஆறு மாதத்தில் அது நகர்ந்து தோன்றிய அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு ரூபாய் நாணயத்தை ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்தினால் அது எவ்வளவு அகலமாகத் தோன்றுமோ, ஏறத்தாழ அவ்வளவுதான். அதிலிருந்து கிடைத்த தூரம், ஒளி ஏறக்குறைய பதினொரு வருஷம் பிரயாணம் செய்து கடக்கும் தூரம். பத்து, பதினொரு வயதுக் குழந்தை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், நீ பிறந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட வெளிச்சம்தான் இப்போது வந்து சேருகிறது என்று சொல்லுங்கள். இதை எழுதும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. செங்கற்பட்டு வண்டியின் ஜன்னலுக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் நடுவே வேறு எந்தச் சாஸ்திரமும் குறுக்கிடவில்லை. கேள்வியும் ஒன்று, விடையும் ஒன்று, அடிக்கோட்டின் நீளம் மாத்திரமே வளர்ந்திருக்கிறது.

காட்சி முடிந்து வெளியே வந்த பிறகு இன்னும் ஒரு கூடத்தைப் பார்த்துவிடலாமே என்று யாராவது சொன்னால் இணங்காதீர்கள். குழந்தைகள் களைத்திருப்பார்கள், பெரியவர்களும் களைத்திருப்பார்கள், அவர்கள் சொல்ல மாட்டார்கள். பக்கத்திலேயே அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010-இல் திறந்த அந்த மாளிகையில் சிறுவர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. தெம்பு மிச்சமிருக்கிறவர்கள் அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து, வானத்தைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தைப் புரட்டுவதில் தவறில்லை. ஆனால் அலுவலகங்கள் விடும் நேரத்துக்கு முன்பே ரயில் ஏறிவிடுவது நல்லது. சனிக்கிழமை மாலையிலும் கிண்டியில் உட்கார இடம் கிடைப்பது துர்லபம்.

திரும்பும் வழியில் வண்டி பல்லாவரத்தில் நிற்கும்போது குழந்தைகள் விழித்திருந்தால் ஒரு செய்தி சொல்லலாம். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி, பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் இந்தப் பல்லாவரத்துச் சரளை மண்ணிலிருந்து, பழைய கற்கால மனிதன் செதுக்கிய ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்த நாட்டில் மனிதனுடைய தொன்மை எவ்வளவு என்ற ஆராய்ச்சிக்கு அந்தக் கல்லே தொடக்கம். அவர் வாழ்நாளெல்லாம் சேகரித்த கற்கருவிகளும் மட்பாண்டங்களும் 1904-இல் எழும்பூர் அரசாங்க அருங்காட்சியகத்தின் உடைமையாயின. நட்சத்திரத்தின் தூரத்தை அளந்தாகிவிட்டது. மனிதனுடைய வயதை எப்படி அளப்பது என்று யாரேனும் கேட்டால், அடுத்த பிரயாணம் எங்கே என்பது நிச்சயமாகிவிடும். எழும்பூருக்கும் இதே வண்டிதான் போகிறது. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்றபடி எந்த நாளும் உசிதமே.